மொதல்ல இருந்து சொல்லட்டா? – முத்துக்குளித்துறையில் எழுத்து யாருக்குக் கிடைத்தது

காயல்பட்டினத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு காலனி. உப்பளத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் கூலி வேலைக்குப் போகிற தலித் குடும்பங்கள் வாழும் இடம். அங்கே நடக்கும் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் போவேன். சென்ற ஆண்டு ஒரு நாள், மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, நான் வாசிச்சுக் காட்டட்டா?" என்றாள். ஒரு பக்கம் முழுவதையும் திக்காமல், ராகம் போட்டு வாசித்து முடித்தாள். மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கடைசி இரண்டு வரி வரும்போது அவள் கண் புத்தகத்தில் இல்லை. பக்கத்தின் நடுவில் இருந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்னது பிள்ளே?" என்று கேட்டேன். அந்தச் சொல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, மொதல்ல இருந்து சொல்லட்டா?"

அவள் ஏமாற்றவில்லை. வாசிப்பது என்றால் இதுதான் என்று அவளுக்குக் காட்டப்பட்டிருக்கிறது. காதால் கேட்டதை வாயால் திருப்பிச் சொல்வது ஒப்பித்தல். முன்பின் பார்த்திராத ஒரு சொல்லைக் கண்ணால் கண்டு, ஒலியாக்கி, பொருள் கொள்வது வாசித்தல். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒப்பிக்கத் தெரிந்தவருக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டும். வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்தத் தயவு தேவையில்லை. பட்டாவில், கூலிக் கணக்கில், போலீஸ் ஸ்டேஷனில் எழுதப்பட்ட எஃப்.ஐ.ஆரில் என்ன இருக்கிறது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

யாருக்கு ஒப்பித்தல், யாருக்கு வாசித்தல் என்ற கேள்வி நம் கடற்கரையில் புதிது கிடையாது. அதற்கு ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அந்தச் சிறுமி கேட்டதுபோல முதலிலிருந்தே சொல்லிப் பார்ப்போம்.

மணி ஒலித்த கடற்கரை

1542இல் பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பரதவர்கள் திரளாகக் கிறித்தவம் ஏற்றிருந்தார்கள். சேவியருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி ஜெபங்களைத் தமிழாக்கச் செய்தார், அதை மனப்பாடம் செய்தார், கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். அவர் ஒரு வரி சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரிக்கிறார். நம் வட்டாரத்தில் பெருந்திரளான பிள்ளைகளுக்கு ஒரே பாடம் நடத்தப்பட்ட பழைய பதிவுகளில் இது ஒன்று. அது முழுக்க ஒப்பித்தல். அதில் எழுத்தே கிடையாது.

அவருக்குப் பின் வந்தவர் அன்றிக்கு அடிகள் என்று நாம் அழைக்கும் என்றிக்கே என்றிக்கஸ். யூத வழியில் வந்த குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பிறப்பைக் காரணம் காட்டி பிரான்சிஸ்கன் சபையில் அவரைத் தொடர விடவில்லை. பிறப்பைச் சொல்லி வெளியே தள்ளப்படுவது என்னவென்று தெரிந்த அந்த மனிதர் 1547இல் நம் கரைக்கு வந்தார், தமிழை இலக்கணத்தோடு கற்றார். காயல்பட்டினத்துக்கு அடுத்து, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல்தான் அவருடைய முக்கிய இடம்.

1554இல் லிஸ்பன் நகரில் 'கார்த்தில்யா' என்ற தமிழ் நூல் அச்சானது. போர்த்துகீசியரிடத்தில் கார்த்தில்யா என்றால் பிள்ளைகளுக்கு எழுத்தும் ஜெபமும் சேர்த்துக் கற்பிக்கும் சுவடி, நம் அரிச்சுவடி மாதிரி. வின்சென்ட் நசரேத், ஜார்ஜ் கார்வால்யோ, தாமஸ் த குருஸ் என்ற மூன்று தமிழர்கள் அங்கே இருந்து அதை ஆக்கினார்கள். மொழி தமிழ், எழுத்து மட்டும் ரோமன். அதாவது தமிழ் எழுத்து மட்டும் அறிந்த ஒரு பிள்ளையால் அதைத் தொட்டுப் பார்க்க முடியும், வாசிக்க முடியாது. 1578 அக்டோபர் 20 தேதியிட்டு, கொல்லத்தில் அச்சான என்றிக்கஸின் 'தம்பிரான் வணக்கம்'தான் தமிழ் எழுத்தில் வந்தது. 16 பக்கம். இந்தியாவில் ஓர் இந்திய மொழியின் எழுத்தில் அச்சாகி இன்று நம்மிடம் உள்ள நூல்களில் மிகப் பழையது. அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவ மக்கள். அச்செழுத்துக்கு நம் நாட்டில் முதலில் காசு கொடுத்தவர்களில் முத்துக்குளித்தவர்களும் மீன் பிடித்தவர்களும் இருந்தார்கள் என்பதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

ஆனாலும் அந்தச் சுவடி கரையோடு நின்றது. கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், தாமிரபரணிப் பாசனத்தில் நாற்று நட்டவர்களின் சேரிகள் அந்த நூலின் வாசகர் கணக்கில் இல்லை.

வீட்டுக்குள் வந்த எழுத்து

இதே காயல்பட்டினத்தில் இன்னொரு வழியும் இருந்தது. மார்க்கோ போலோ 'காயில்' என்று எழுதிவைத்த பழைய துறைமுகத்தின் வாரிசு இந்த ஊர். இங்கே முஸ்லிம் பிள்ளைகள் ஆணும் பெண்ணும் குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தைக் கற்றார்கள். அரபு அவர்கள் வீட்டு மொழி கிடையாது. அந்த அளவில் அதுவும் ஒப்பித்தல்தான். ஆனால் சமூகம் ஒரு காரியம் செய்தது. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த அரபு எழுத்தில், பிள்ளை வீட்டில் பேசும் தமிழை எழுதியது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டிப் புது எழுத்துகள் செய்துகொண்டது. இதுதான் அரபுத் தமிழ். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத் தமிழில் எழுதிய மார்க்க நூல்கள் வீடு வீடாகப் போயின. வெளிப் பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்கள் வீட்டிலிருந்தே அவற்றை வாசித்தார்கள்.

இதை நான் இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. பிள்ளைக்குத் தெரிந்த எழுத்தும் பிள்ளை பேசும் மொழியும் ஒன்று சேரும் இடத்தில் ஒப்பித்தல் வாசிப்பாக மாறிவிடுகிறது. அந்த இடத்தை உண்டாக்கித் தருவதா வேண்டாமா என்பதைப் பெரியவர்களின் சமூகம் முடிவு செய்கிறது. பிள்ளையின் மூளை அதை முடிவு செய்வதில்லை.

மணலுக்குத் தீட்டு இல்லை

இனி திண்ணைப் பள்ளி. தமிழ்நாடெங்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்த இடம் அதுதான். மணலைப் பரப்பி விரலால் எழுத வேண்டும். 'ஆனா, ஆவன்னா' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றை வேந்தன், பிறகு எண்சுவடி. வாத்தியார் ஒருவர்தான். மூத்த பையன் 'சட்டாம்பிள்ளை'யாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். கண், காது, வாய், விரல் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கிற முறை என்பதால் எழுத்து நன்றாகவே பதிந்தது. அடியும் நிறைய விழுந்தது.

இந்த முறை கப்பலேறியது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1789இல் சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான ஆசிரமத்தை நடத்தத் தொடங்கினார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார், மூத்த பிள்ளையை இளைய பிள்ளைக்கு ஆசிரியராக்கினார். 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. பெல்லின் சொத்தில் உருவான 'மெட்ராஸ் கல்லூரி' என்ற பள்ளி இன்றைக்கும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இருக்கிறது.

நம் திண்ணை கண்டுபிடித்த முறையில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளை எழுத்துக் கற்றது. அந்தத் திண்ணை இருந்த தெருவுக்குள் நம் பிள்ளை நடக்கவே முடியாது. மணலுக்குத் தீட்டு இல்லை, திண்ணைக்கு இருந்தது. திண்ணை என்பது பொதுக் கட்டடம் கிடையாது. அது சாதி இந்து ஒருவரின் வீட்டு வாசல். கோயில் மண்டபமோ சாவடியோ ஆனாலும் கதை அதேதான்.

"வெள்ளைக்காரன் வருவதற்கு முன் எல்லாச் சாதியும் படித்தது" என்று சொல்பவர்கள் ஒரு கணக்கைக் காட்டுவார்கள். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆட்சியர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826 மார்ச் 10 தேதியிட்ட குறிப்பில் அவர் தந்த தொகை: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அன்றைய மக்கள்தொகை 1,28,50,941. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டார். பல மாவட்டங்களில் பிராமணர் அல்லாத மாணவர்களே அதிகம் என்று அவர் காட்டியது முக்கியமான விஷயம்தான். அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் படிவத்தின் தலைப்புகளைப் பாருங்கள். பிராமணர், வைசியர், சூத்திரர், 'மற்ற எல்லாச் சாதிகளும்', முசல்மான். அந்த 'மற்ற' என்ற கட்டத்துக்குள் யார் யார் இருந்தார்கள் என்று படிவம் கேட்கவே இல்லை. அந்தக் கட்டத்தில் ஒரு எண்ணைக் காட்டி "பார், தீண்டத்தகாதவரும் திண்ணையில் படித்தார்கள்" என்று சொல்வது, கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்வதாகும். சமூகவியல் படிக்கும் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் புள்ளிவிவரத்திலும் முதலில் பார்க்க வேண்டியது எண்ணை இல்லை, கட்டத்தின் தலைப்பை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "நம்மவர்களுக்கு எழுத்தே தெரியாது, பாதிரிமார் வந்துதான் கொடுத்தார்கள்" என்பதும் முழு உண்மை கிடையாது. அயோத்திதாசப் பண்டிதர் தன் பாட்டனார் கந்தப்பனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்த கந்தப்பன், தன் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்பது அந்தப் பதிவு. மருத்துவமும் சோதிடமும் இலக்கணமும் சுவடியாகக் கைமாறி வந்த குடும்பங்கள் நமக்குள் இருந்தன. எழுத்து இருந்தது. அதை எல்லாப் பிள்ளைக்கும் கொண்டுபோகும் பள்ளிதான் மறுக்கப்பட்டது.

சேரிக்கு வந்த பள்ளி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிகள் வந்தன. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், 1840களில் சாயர்புரத்தில் செமினரி நடத்திய ஜி.யு. போப், இடையன்குடியில் கால்டுவெல் எனப் பெயர்கள் நீளும். நாடார் சமூகம் அந்தப் பள்ளிகளைப் பற்றிக்கொண்டு மேலேறிய வரலாற்றை எல்லோரும் அறிவோம். தலித் கிறித்தவர்களும் அங்கே எழுத்துக் கற்றார்கள். பெஞ்சிலும் கோயிலிலும் கல்லறையிலும் சாதி கூடவே வந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

அரசுப் பக்கத்தில் 1893இல்தான் பஞ்சமர் கல்விக்கென ஒரு முக்கிய ஆணை வருகிறது. சேரிகளில் பள்ளி, அதற்குக் கூடுதல் மானியம், பஞ்சம ஆசிரியர்களுக்குப் பயிற்சி உதவி ஆகியவை அதன் அடிப்படை. அதே ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்குகிறார். அடுத்த ஆண்டு, 1894இல், கர்னல் ஆல்காட் சென்னை அடையாறில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறக்கிறார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அவை பெருகின.

நம் தலைப்புக்கு நெருக்கமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்து உதவிபெறும் பள்ளிகளில் மானியம் பெரும்பாலும் தேர்வு முடிவைப் பொறுத்தே வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளையை நிறுத்தி வாசிக்கச் சொல்வார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று பணம். ஆசிரியர் என்ன செய்வார்? அந்தப் பாடத்தை வருடம் முழுக்க ஒப்பிக்க வைப்பார். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பிள்ளை ராகம் போட்டு வாசிக்கும். நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்தால் திகைக்கும். நான் பார்த்த சிறுமி நூறாண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறாள்.

ஆல்காட் பள்ளிகளைக் கவனித்துக்கொண்ட சாரா பாமரும் கோர்ட்ரைட் அம்மையாரும் வேறு வழி தேடினார்கள். சேரிப் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைப்பது சில ஆண்டுகள்தான். அதற்குள் வேலைக்குப் போய்விடும். இருக்கும் காலத்தில் உண்மையாகவே கற்க வேண்டும். அதனால் கிண்டர்கார்டன் முறையைக் கொண்டுவந்தார்கள். பொருளைத் தொட்டு, செய்து, பாடி, பிறகு எழுத்துக்கு வருவது. பறையர் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறோம் என்று கோர்ட்ரைட் 1906இல் ஒரு புத்தகமே எழுதினார். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கென்று இன்று பெரும் கட்டணத்தில் விற்கப்படும் கிண்டர்கார்டன், நம் மாகாணத்தில் நூற்றாண்டுக்கு முன்பே சேரிப் பிள்ளையின் பள்ளியில் நடந்திருக்கிறது. முறை நல்லது, கனவுதான் சிறியது. தொடக்க வகுப்புகளோடு போதும் என்ற எல்லைக்குள் அது நின்றது.

அந்த எல்லையை ஏற்காதவர் எம்.சி. ராஜா. 1920இல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் போனவர், 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை 1922இல் அரசு ஏற்கச் செய்தவர் என்று அவரை அறிவோம். அவர் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். தொடக்கக் கல்வி பற்றிய அரசுக் குழுவில் இருந்தார், பாடநூல்கள் எழுதினார். ஆர். ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து அவர் 1930இல் வெளியிட்ட 'கிண்டர்கார்டன் ரூம்' சின்னப் பிள்ளைகளுக்கான பாட்டுப் புத்தகம். சட்டமன்றத்தில் இட ஒதுக்கீடு கேட்ட அதே கைதான் குழந்தைப் பாட்டையும் தொகுத்தது. அவருக்கு இரண்டும் ஒரே அரசியல்.

தனிப் பள்ளியும் பொதுப் பள்ளியும்

பொதுப் பணத்தில் நடந்த பள்ளிகளில் நம் பிள்ளைகளை ஏன் காணோம் என்று அரசே கணக்கெடுத்தபோது, அவற்றில் மிகச் சிலவே நம்மைச் சேர்த்திருந்தன என்று தெரிந்தது. காரணம் எளிமையானது. பள்ளி அக்ரகாரத்தில் இருந்தது, அல்லது கோயிலில், அல்லது வாடகைக் கட்டடத்தில். கட்டடக்காரர் விடமாட்டார். ஆகவே தொழிலாளர் துறை மூலம் தனிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. பொதுப் பள்ளியின் கதவு மூடியதால் பிறந்தவை அவை. அரசு 2023 பட்ஜெட்டில் இவற்றைப் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்போவதாக அறிவித்தபோது, நம் அமைப்புகளுக்குள் எழுந்த விவாதத்தை இந்த வரலாறு தெரிந்துதான் பேச வேண்டும். இணைப்பா தனியா என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

பசியோடு எழுத்து ஏறாது என்பதைப் புரிந்துகொண்ட மாவட்டமும் இதுதான். காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டம் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கியது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. 2023 செப்டம்பரில் அதே எட்டயபுரம் அருகே ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியில், சமைப்பவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்தார்கள் பெற்றோர். அமைச்சரும் எம்.பி.யும் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. திண்ணை இடிந்து காங்கிரீட் வகுப்பறை வந்துவிட்டது. திண்ணைக்காரரின் மனம் இன்னும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

எழுத்தின் வடிவமும் அரசியல்தான்

தமிழில் 247 எழுத்து என்று நாம் பெருமையாகச் சொல்வோம். ஆறு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 'கெ' என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. வாய் முதலில் சொல்ல வேண்டியது 'க்'. 'கோ' என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒலி நடுவில். இதைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டாவிட்டால் பிள்ளை வடிவத்தைப் படமாக நினைவில் வைக்கும். படம் மறந்தால் ஊகிக்கும். ஊகம் தவறினால் திட்டு விழும். திட்டு வாங்கிய பிள்ளை பாதுகாப்பான வழிக்குப் போகும். அந்த வழியின் பெயர் ஒப்பித்தல்.

பெரியார் 1935இலேயே 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். 'ணா', 'றா', 'னா', 'லை', 'னை' முதலான 13 எழுத்துகளுக்கு இருந்த தனித்தனிச் சுழிகளை நீக்கி, மற்ற எழுத்துகளைப்போலவே காலும் கொம்பும் இணைக்கோடும் போடச் செய்தது அது. அரசு அதை ஏற்க 1978 அக்டோபர் ஆகிவிட்டது. 13 விதிவிலக்குகளை நீக்கியது அச்சகத்துக்கு மட்டும் லாபமில்லை. வீட்டில் எழுத்தே இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு 13 தடைகள் குறைந்தன.

இன்னொரு தடை மொழியில் இருக்கிறது. நம் பிள்ளை 'சோறு' என்கிறது, புத்தகமும் டீச்சரும் 'சாதம்' என்று திருத்தினால், தன் வீட்டுச் சொல் தவறு என்ற முதல் பாடத்தைத்தான் அது கற்கிறது. தெரிந்த சொல்லை எழுத்தில் காணும்போதுதான் பிள்ளைக்கு வாசிப்பின் ருசி பிடிக்கும். அரபுத் தமிழ் கற்றுத்தந்த பாடமும் இதுவே.

இன்றைக்கு என்ன நடக்கிறது

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலை நினைவிருக்கிறதா? அதை முன்னெடுத்த அதிகாரி எம்.பி. விஜயகுமாருக்கு, அதற்கு முன் வேலூர் மாவட்டத்தில் கொத்தடிமைப் பிள்ளைகளை மீட்டுப் படிக்கவைத்த அனுபவம் இருந்தது. ஆந்திராவின் ரிஷிவேலி அட்டைகளும் அந்த அனுபவமும் சேர்ந்ததுதான் அந்த முறை. கடைசிப் பிள்ளைக்காக யோசித்தது எல்லாப் பிள்ளைக்கும் பயன்பட்டது.

பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு என்பதே நடக்கவில்லை. 2022 ஏசர் கிராமப்புற ஆய்வில், தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம். 2018இலேயே அது 10.2 சதவீதம்தான். கொரோனாவை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைக் கொண்டுவந்தது, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் அந்த யோசனை சரியானது.

ஆனால் யோசனையை நடத்த ஆள் வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வசதியுள்ளவர்கள் வேனில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனபின் காலனிப் பள்ளியில் மிஞ்சுவது 30, 40 பிள்ளைகள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அதில் ஒருவர் பயிற்சிக்கோ எமிஸ் பதிவுக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் ஒருவர். அவர் என்ன செய்வார்? எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொல்வார். சேவியரின் மணி அங்கே மறுபடி ஒலிக்கிறது. ஆசிரியரைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒப்பித்தலை உற்பத்தி செய்வது அந்த ஏற்பாடு.

"வாசிக்கத் தெரியாவிட்டால் ஃபெயில் போடு" என்ற குரல் இப்போது உரக்கக் கேட்கிறது. ஐந்தாம், எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்று 2019இல் ஆணை வந்து, எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. அந்த யோசனை வேறு உருவத்தில் திரும்ப வரும். நம் நிலைப்பாடு தெளிவாக இருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை ஃபெயிலாக்கினால் அது வாசிக்காது, உப்பளத்துக்குப் போகும். அதே நேரம், வாசிக்கத் தெரியாமலே எட்டாம் வகுப்பு வரை நகர்த்திவிட்டு "நாங்கள் யாரையும் தடுக்கவில்லை" என்று சொல்வதும் திண்ணையின் இன்னொரு வடிவம்தான். உள்ளே உட்காரவிட்டு எழுத்தைக் கொடுக்காமல் அனுப்புவது.

நாம் கட்டணச் சலுகைக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் விடுதிக்கும் போராடுகிறோம். போராட வேண்டும். ஆனால் அந்த வரிசைக்கு வந்து சேராத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலேயே உதிர்ந்துவிடுகிறார்கள். உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று கேளுங்கள். கிராம சபையில் கேளுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் அம்மாக்கள் உட்கார்ந்து கேட்கட்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குத் தனி ஆசிரியர் என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் முதல் வரியில் வையுங்கள். மாலை மையம் நடத்துகிறவர்கள் பாடம் முழுவதையும் சொல்லவைத்து மகிழ வேண்டாம். நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்துக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் அந்தப் பிள்ளையின் வீட்டுச் சொற்களிலிருந்து தொடங்குங்கள்.

அந்தச் சிறுமியோடு நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். அவள் அம்மா பெயர், ஆச்சி பெயர், உப்பு, வாழை, கருவாடு. ஏழெட்டு மாதம் ஆனது. போன மாதம் ஆறுமுகநேரி பஸ் நிறுத்தத்தில் அவளை அவள் அம்மாவோடு பார்த்தேன். திருச்செந்தூர் பஸ் ஒன்று வந்து நின்றது. போர்டை அண்ணாந்து பார்த்து, எழுத்தெழுத்தாக, மிக மெதுவாக, திக்கித் திக்கிச் சொன்னாள். ராகம் இல்லை. முதலிலிருந்து சொல்லட்டா என்று கேட்கவும் இல்லை. அவள் அம்மா என்னைப் பார்த்து, "என்னம்மா, இப்பம் திக்குதாளே" என்று கவலைப்பட்டார்.

"திக்கட்டும்மா, இப்பதான் வாசிக்கிறா" என்றேன்.

ஜெய்பீம்.